சுபைதாவுக்குக் குத்தாமல் விட்ட அம்மைப்பால்

போன மாதம் சுகாதார நிலையத்தில் நர்சுப் பிள்ளைகள் நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னை நாற்காலியில் உட்கார வைத்து, அந்தக் காலத்து வேலையைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். எனக்குக் கூட்டத்தில் வாய் வராது. கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, நல்லா இருங்க என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆனால் உங்களில் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை வாசல் வரைக்கும் கூடவே வந்தாள். அவள் பார்க்கும் பகுதியில் ஒரு பெண்ணுக்கு நரம்பில் நோயாம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர் சொன்னாள். அந்தப் பெண் தடுப்பூசி போட வந்தபோது, போடலாமா கூடாதா என்று தெரியாமல், டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டாளாம். நான் செய்தது சரியா என்று என்னிடம் கேட்டாள்.

சரிதான் தாயி என்றேன். அதற்கு மேல் அன்றைக்குச் சொல்ல வரவில்லை. பஸ் ஏறி வீட்டுக்கு வந்த பிறகுதான், இதே கேள்வி ஒரு திரைச்சீலைக்கு முன்னால் எங்களுக்கும் வந்தது நினைவுக்கு வந்தது. வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

எனக்குச் சின்ன வயதிலேயே பெரியம்மை கண்டு முகமெல்லாம் தழும்பு. ஒரு தரம் வந்து பிழைத்தவர்களுக்கு அது மறுபடி வராது. திண்டுக்கல்லில் அம்மைப்பால், அதாவது பெரியம்மைத் தடுப்பு மருந்து, குத்தும் இடத்தில் எனக்கு ஆயா வேலை கிடைத்தது அதனால்தான். அம்மை கண்ட வீட்டுக்குள் நான் பயப்படாமல் போய் வரலாம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் இன்ஸ்பெக்டர் ஐயா. அவர் பெயரை எழுதவில்லை. உயிரோடு இருந்திருந்தால் அவரே என் பெயரைப் போடாதே என்றுதான் சொல்லியிருப்பார். ஒல்லியான மனிதர். மூக்குப்பொடி போடுவார். மழை இல்லாத ஊரில் எப்போதும் குடையோடு திரிவார்.

ஆத்தூர்ப் பக்கம் கிராமங்களுக்குப் போனால் எங்களுக்கு ஒரு விதமான பாடு. ஆத்தா வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், நீங்கள் யார் தடுக்க என்பார்கள். குத்திவிட்டுத் தெரு முனை திரும்புவதற்குள் கையில் சாணியைப் பூசிக் கழுவிவிடுவார்கள். டவுனில் தோல் மண்டித் தெருவில் வேறு விதம். அங்கே முஸ்லிம் வீடுகள். பெண்கள் வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார்கள். அதனால் உள்வாசலில் ஒரு திரைச்சீலை தொங்கும். ஐயா வெளியே முக்காலி போட்டு உட்காருவார். நான் உள்ளே நிற்பேன். பெண்கள் ஒவ்வொருவராகச் சீலை இடுக்கில் கையை மட்டும் நீட்டுவார்கள். இது மூத்த மருமகள், இது நாத்தனார் என்று நான் உள்ளிருந்து சொல்வேன். ஐயா ஈரப் பஞ்சால் துடைத்து, ஒரு சொட்டுப் பால் வைத்து, பல் வைத்த சின்ன வட்டத் தகட்டை அதன் மேல் அழுத்தித் திருகுவார். அந்த நாளில் அம்மைப்பாலுக்கு ஊசி கிடையாது, அந்தத் தகடுதான்.

இதில் ஒரு கள்ளத்தனம் நடக்கும். பயந்த பெண்ணுக்குப் பதிலாகத் தைரியசாலி ஒருத்தி தன் இன்னொரு கையையும் நீட்டிவிடுவாள். ஐயாவுக்கு அது எப்படியோ தெரிந்துவிடும். "வருசக்கணக்காக் கைய மட்டுமே பாத்துப் பொழைக்கிறவன் நான், எனக்கு மூஞ்சி எதுக்கு" என்பார்.

இனி சுபைதா கதை. அறுபதுகளின் தொடக்கம் அது.

காதர் பாய் என்று ஒருவர், அந்தத் தெருவில் ஒரு தோல் மண்டியில் வேலை. அவர் மனைவி சுபைதாவுக்கு முப்பதுக்குள்தான் வயது. மகன் இஸ்மாயில் பிறந்த கொஞ்ச நாளில் அவளுக்கு ஒரு கண் மங்கிப்போனது. வைத்தியம் ஒன்றும் பிடிபடாமல் இருக்கும்போதே தானாகத் தெளிந்தது. பிறகு கை கால் மரத்து நடை தள்ளாடியது. அதுவும் கொஞ்சம் சரியாகி, மறுபடி விழுந்தது. ஓதிக் கொடுத்த தண்ணீர் குடித்தாள், தாயத்துக் கட்டினாள். கடைசியில் காதர் பாய் மதராசுக்குக் கூட்டிப் போனார். நரம்புக்கு மேல் இருக்கும் உறை அங்கங்கே தேய்கிறது, மின்சாரக் கம்பிக்கு மேல் ரப்பர் உரிகிற மாதிரி என்று அங்கே ஒரு டாக்டர் விளக்கினாராம். மாத்திரை கொடுத்து, இதைச் சாப்பிடும்வரைக்கும் அம்மைப்பால் மட்டும் குத்திக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். தாய் படுத்த படுக்கையானதில் பிள்ளைக்கும் குத்தாமலே மூன்று வயது ஆகிவிட்டது.

அந்த நேரத்தில் வத்தலக்குண்டு சந்தைக்குப் போய் வந்த ஒரு வண்டிக்காரர் வீட்டில், அவர் மகளுக்குப் பெரியம்மை கண்டது. இவர்கள் தெருவுக்கு அடுத்த தெரு.

நாங்கள் பெட்டியோடு போய் நின்றதும் காதர் பாய் ஐயாவைத் தனியாகக் கூப்பிட்டு, மதராஸ் டாக்டர் சொன்னதைச் சொன்னார். ஒரு ஆளும் விடாமல் குத்த வேண்டும் என்பது எங்களுக்கு மேலிடத்து உத்தரவு. பெரியம்மை அவளுக்கு வந்தால், அந்த உடம்பு தாங்காது. குத்தினாலோ, அந்த மாத்திரை தின்கிற உடம்பில் குத்தின புண் ஆறாமல் பரவலாம், நரம்பு இன்னும் கெடலாம். ஐயா மூக்குப்பொடியை எடுத்தார், போடவில்லை, திரும்ப மூடி வைத்தார்.

"குத்தினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது பாய். குத்தாட்டி என்ன ஆகும்னும் தெரியாது. தெரிஞ்சவுகளப் போய்க் கேட்டுட்டு வாரேன். அதுவரைக்கும் அந்தப் பொண்ணுக்குக் குத்த மாட்டேன்" என்றார்.

அவருக்கு அத்தனை வருசத்து அனுபவம். எனக்குத் தெரியாது என்று தெருவில் நாலு பேர் கேட்கச் சொன்னார். சைக்கிளை எடுத்துக்கொண்டு சுகாதார ஆபீசரிடம் போனார். ஆபீசர் மதுரைக்குப் போன் போட்டுப் பெரிய டாக்டர்களிடம் விசாரித்தாராம். சாயங்காலம் ஐயா வியர்த்து விறுவிறுத்து வந்தார். அவளுக்குக் குத்தக் கூடாது என்பதுதான் முடிவு.

நான் பதறிப் போனேன். அப்படியே விட்டுவிட்டுப் போகிறதா, அம்மை அடுத்த தெருவில் நிற்கிறதே என்று கேட்டேன்.

"விட்டுட்டா? நல்லாக் கேட்ட. வயலுக்குள்ள எறங்க முடியலேன்னா வேலியக் கெட்டியாப் போடணும். அவளுக்குக் குத்தாத பாலை அவளச் சுத்தி இருக்கிற அம்புட்டுப் பேருக்கும் குத்தப் போறோம். ஒரு வீடு விடக் கூடாது" என்றார்.

சொல்வது சுலபம். அந்தத் தெருவில் பாதிப் பேர், போன வருசம்தானே குத்தினோம் என்று கதவைச் சாத்தினார்கள். எங்களால் ஆகாத காரியத்தைச் சுபைதாவின் மாமியார் செய்தார். நல்ல கனத்த உடம்பு, கனத்த குரல். மருமகளை அதுவரைக்கும் அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, பின்வாசல் வழியாகவே வீடு வீடாகப் போனார். நானும் பின்னால் ஓடினேன்.

"எம்மருமக கையில குத்த முடியாதாம். ஒங்க கையில குத்தினாத்தான் அவ பொழைப்பாளாம். ஒரு நா வலிக்குப் பயந்துக்கிட்டு நீங்க கதவச் சாத்திக்கிருங்க. நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா இந்த வாசல்லதான் வந்து ஒக்காருவேன், சொல்லிப்புட்டேன்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னார்.

ஒரு வீட்டில், ஏன் மாமி, அவள் இருந்தால் உங்களுக்கு வேலை, இல்லாவிட்டால் வேறொருத்தி என்று யாரோ கேலியாகச் சொல்லிவிட்டார்கள். மாமி அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து வந்து முதல் ஆளாகச் சீலைக்கு வெளியே நீட்டினார். அதற்குப் பிறகு எல்லாக் கைகளும் நீண்டன.

காதர் பாய் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டோம். அங்கே ஒரு சிக்கல் இருந்தது. புதிதாகக் குத்தின புண்ணிலும் அம்மைப்பாலின் கிருமி உயிரோடு இருக்கும். அந்த நீர் சுபைதாவின் மேல் பட்டால், அவளுக்கே குத்தினது போல ஆகிவிடும். அதனால் புண் ஆறிப் பொருக்கு உதிரும்வரைக்கும் வீட்டில் யாரும் அவளைத் தொடக் கூடாது. பிள்ளையைத் தனியாக வைக்க வேண்டும். காலையில் நான் போய் இதை அவளிடம் சொன்னேன். அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எங்கள் எல்லோருக்கும் அது சம்மதமாகப் பட்டது.

காதர் பாய்க்கு வெளியிலேயே குத்தியாயிற்று. உள்வாசலில் சீலை தொங்கியது. மாமி கை நீட்டினார். அடுத்து நாத்தனார். அவ்வளவுதான், பிறகு பிள்ளைக்குத்தான் குத்த வேண்டும். அவன் பின்கட்டில் அரிசிக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வரமாட்டேன் என்றான். அவனைப் பிடிக்க மாமி என்னைக் கூப்பிட்டார். நான் போய்விட்டேன்.

அந்த இடைவெளியில் சீலைக்கு வெளியே இன்னொரு கை நீண்டிருக்கிறது. உள்ளே பெயர் சொல்ல நான் இல்லை. ஐயா பஞ்சை நனைத்துத் துடைத்தார். பால் கெடாமல் இருக்க நாங்கள் ஐஸ் கொண்டுபோவோம், அது உருகின தண்ணீரில்தான் பஞ்சை நனைப்பது. அந்தக் குளிர் பட்டால் எந்தக் கையும் ஒரு துள்ளுத் துள்ளும். இந்தக் கை துள்ளவில்லை. பலகை மேல் வைத்த மாதிரி அப்படியே இருந்தது. ஐயா பால் சொட்டை வைக்கப் போனவர் நிறுத்திவிட்டார்.

"தாயி, இது யாரு கை?" என்று கேட்டார்.

"என் கைதான்ணே" என்றாள் நாத்தனார், உள்ளே இருந்து.

"ஒங்கை செத்த முன்னதானம்மா துள்ளுச்சு" என்றார் ஐயா.

அந்தப் பேச்சு காதில் விழுந்து நான் பிள்ளையை மாமியிடம் விட்டுவிட்டு ஓடி வந்தேன். சுபைதா நின்றுகொண்டிருந்தாள். நாத்தனார் அவளை இடுப்பில் பிடித்துத் தாங்கியிருந்தாள். அந்த வீட்டுப் பெண்கள் ஐயாவிடம் நேராகப் பேசியதே கிடையாது. அன்றைக்குச் சுபைதா பேசினாள்.

"நாந்தான்ணே. குத்திருங்க."

"ஒனக்குக் குத்தக் கூடாதும்மா."

"ரெண்டு நா காச்சல் அடிக்கும். எல்லாருக்கும் அடிக்குது."

"ஒனக்கு அதோட நிக்குமான்னு பெரிய டாக்டருக்கே சொல்லத் தெரியலம்மா."

அவள் கையை உள்ளே இழுக்கவில்லை. "கண்ணு போச்சு, வந்துச்சு. காலு போச்சு, வந்துச்சு, திரும்பப் போச்சு. எதுவும் எங்கிட்ட நெலச்சு இருந்ததில்லண்ணே. எம்பிள்ள ஒருத்தன்தான் எங்கயும் போகாம எம் பக்கத்துலயே கெடந்தான். இப்ப அவனையும் எடுக்கச் சொல்றீக. எனக்கும் குத்திட்டா எல்லாருக்கும் ஒரே புண்ணு. யாரும் யாரையும் தொடலாம்ல."

நான் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயா ஆத்திரப்பட்டிருக்கலாம். உத்தரவு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பெட்டியை மூடியிருக்கலாம். இல்லை, இவ்வளவு கெஞ்சுகிறாளே என்று இரக்கப்பட்டுக் குத்தியிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கே, குத்திவிட்டால்தான் என்ன என்று தோன்றியது. அவர் திருகும் தகட்டைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.

"எடுத்துட்டுப் போகலம்மா. முத்தத்துக்கு அந்தப் பக்கம் வைக்கிறேன். நீ பாக்கலாம், பேசலாம், வையலாம். தொட மட்டும் கூடாது. பொருக்கு விழுந்ததும் நானே வந்து பாத்துட்டு ஒங்கிட்ட அனுப்புறேன். நாஞ் சொல்ற வரைக்கும் நீ பொறுக்கணும். அதுவரைக்கும் ஒன்னக் குளிப்பாட்ட, சோறூட்ட இந்த அக்கா வருவா."

அக்கா என்றது என்னைத்தான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கே அப்போதுதான் தெரியும்.

"அக்காவுக்குப் புண்ணு வராதா?" என்று கேட்டாள் சுபைதா.

"அவளுக்கு மாரியாத்தாளே சின்ன வயசுல குத்திட்டா. அதுக்கு மேல குத்துறதுக்கு முனிசிபாலிட்டிக்குத் தெம்பில்ல" என்றார்.

நாத்தனார் களுக்கென்று சிரித்துவிட்டாள். சுபைதாவும் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு கையை மெதுவாக உள்ளே எடுத்துக்கொண்டாள்.

பொருக்கு உதிர ஆன அந்த மூன்று வாரமும் என்னை ஐயா பால் புட்டியைத் தொட விடவில்லை. அந்தக் கையோடு நான் சுபைதாவிடம் போகக் கூடாதே. ஐஸ் பிளாஸ்க்கையும் பெட்டியையும் அவரே தூக்கிக்கொண்டு, குடையையும் இடுக்கிக்கொண்டு கடைவீதியில் நடப்பார். என்னங்கய்யா, ஆயாவுக்குப் பதவி உயர்வா என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். ஆமாப்பா, நாந்தான் இப்ப ஆயா என்பார்.

நான் காலையிலும் சாயங்காலமும் போய், குளித்து வேறு சேலை மாற்றிக்கொண்டு சுபைதாவைப் பார்த்துக்கொள்வேன். என் முகத்தை யாரும் நேராகப் பார்த்தால் எனக்குக் கூசும். அவள் பார்த்தாள். இந்தத் தழும்பு வலித்ததா, அழுதாயா, உன்னை யார் பார்த்துக்கொண்டது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். யாரிடமும் பேசாததை அவளிடம் பேசினேன். முற்றத்துக்கு அந்தப் பக்கம் இஸ்மாயில் நிற்பான். கையில் துணிக்கட்டு. அம்மா இருக்கிற அறை வாசற்படிக்கு ஓடி வருவான். உடனே மாமி சத்தம் போடுவார், நாத்தனார் சத்தம் போடுவாள், காதர் பாய் வெளியிலிருந்து சத்தம் போடுவார். முதலில் அழுதான். பிறகு படிக்கு வெளியிலேயே நின்று பழகிக்கொண்டான்.

ஒரு நாள் நான் போனபோது சுபைதாவின் மடியில் அவன் சட்டை இருந்தது. புண் பட்ட துணி. வெடுக்கென்று பறித்துத் தூர எறிந்தேன். மாமி வந்தார். ராத்திரி எல்லாம் மருமகள் தூங்கவில்லையாம். பிள்ளை சட்டையாவது கொடுங்கள் என்று கேட்டாளாம். மனசு கேட்காமல், பெரிய அண்டாவில் சலவைச் சோடா போட்டு, சாயம் போகிற மட்டும் கொதிக்க வைத்து, நாள் முழுக்க வெயிலில் காயப்போட்டு எடுத்து வந்து கொடுத்திருக்கிறார்.

"நீ அத எறியணும்னே இல்லக்கா. அதுல அவன் வாசமே இல்ல. சோடா வாசந்தான். மாமி அம்புட்டுக் கெட்டி" என்றாள் சுபைதா.

மாமி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். பிறகு அந்தத் தூரத்திலிருந்தே, நேற்று இஸ்மாயில் என்ன சாப்பிட்டான், எங்கே விழுந்தான், எந்தப் பூனையை விரட்டினான் என்று ஒன்று விடாமல் மருமகளுக்குச் சொல்ல ஆரம்பித்தார். அது தினமும் நடந்தது.

பக்கத்துத் தெருவில் இன்னும் சில பேருக்கு அம்மை கண்டது. வண்டிக்காரர் மகள் பிழைத்துக்கொண்டாள். தோல் மண்டித் தெருவுக்குள் அது வரவில்லை. சுபைதாவின் நோய் அதற்குப் பிறகும் வருவதும் போவதுமாகத்தான் இருந்தது. அதை மாற்ற எங்களிடம் ஒன்றும் இல்லை. ஆனால் இஸ்மாயில் அரும்பு மீசையோடு ரம்ஜான் கஞ்சி கொண்டுவந்து என் வீட்டில் கொடுக்கும் காலம் வரைக்கும், அவள் இருந்து பார்த்தாள்.

கண்ணாடி போட்ட பிள்ளைக்கு ஒன்று சொல்கிறேன். இப்போது நீங்கள் போடும் ஊசிகள் பலவற்றில் உயிருள்ள கிருமி இல்லை என்கிறீர்கள். உங்கள் டாக்டரும், அந்தப் பெண்ணுக்கு அந்த ஊசியைப் போடலாம் என்று சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சந்தோசம். எந்த மாத்திரையோடு எந்த ஊசி ஆகும் என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும். நீ அந்தப் பெண்ணைத் திருப்பி அனுப்பினாயே, அன்றைக்கு அவள் வீட்டில் இருக்கிற மற்றவர்களுக்குப் போட்டாயிற்றா என்று கேட்டாயா? கேட்டிருப்பாய். கேட்காவிட்டால் இப்போது போய்க் கேள்.

பொருக்கு உதிர்ந்த அன்றைக்கு ஐயா வந்தார். முற்றத்துக்கு வெளியே நின்று, பிள்ளையைத் தூக்கிவரச் சொல்லி, கையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இளஞ்சிவப்பாகத் தழும்பு மட்டும் இருந்தது. மாமி, நாத்தனார் கைகளைச் சீலை இடுக்கில் பார்த்தார். உதிர்ந்ததை எரித்தாயிற்றா என்று கேட்டார். பிள்ளையைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டுக் கொண்டுவந்தேன்.

"போடா அப்பு, ஒங்கம்மாட்டப் போ" என்றார் ஐயா வெளியிலிருந்து.

இஸ்மாயில் ஓடினான். அறை வாசற்படி வந்ததும் நின்றுவிட்டான். சுபைதா பாயில் உட்கார்ந்தபடியே வா வா என்று கூப்பிட்டாள். அவன் எங்கள் முகங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான், யார் சத்தம் போடப்போகிறோம் என்று. போப்பா என்று மாமி சொன்னார். நான் சொன்னேன். அவன் அசையவில்லை. சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பை அம்மாவுக்குக் காட்டினான், அவ்வளவுதான்.

சுபைதா இரண்டு கையையும் தரையில் ஊன்றினாள். கால் இரண்டும் பின்னால் இழுபட, உட்கார்ந்த வாக்கிலேயே நகர ஆரம்பித்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கப் பார்த்தேன். மாமி என் சேலையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடு. அவளே வரட்டும்" என்றார் மெதுவாக.

அவள் வந்தாள். பாதி தூரத்தில் மூச்சு வாங்க நின்றாள், மறுபடி வந்தாள். படியை எட்டினதும் ஒரு கையால் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிள்ளையை இடுப்போடு வளைத்து, அந்தப் படிக்கு உள்ளே தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.